போத்தல் தங்கும் அறை

ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மூன்று பேர் வசித்து வந்தார்கள்: அட்ரியன், அவன் மனைவி ஐலீன், ஐந்து மாதப் பெண் குழந்தை. நான்காவதாகப் பிரான்சிலிருந்து ஒரு சிவப்பு ஒயின் போத்தல் வந்து சேர்ந்தது. வயதில் அது ஐலீனைவிடக் கொஞ்சம்தான் இளையது. அந்த மரியாதைக்காக, வீட்டில் ஏர்கோன் உள்ள ஒரே அறை அதற்கு ஒதுக்கப்பட்டது.

"எல்லாம் பிள்ளை படிப்புக்குத்தான் லா," என்றான் அட்ரியன். "இவ யூனிவர்சிட்டி போறப்ப இந்த ஒரு போத்தல் போதும்."

"அதுவரைக்கும் இவ எங்க தூங்குறது?"

"ஹால்ல காத்து வருதே."

வரவில்லை. வெளியே நவம்பர் மழை, உள்ளே புழுக்கம். பிள்ளையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு வெடித்து, சீழ் கோத்து, காய்ச்சலும் வந்துவிட்டது. கிளினிக் டாக்டர் குளிர்ச்சியான அறையில் படுக்க வைக்கச் சொன்னார். ஐலீனுக்கு அன்றிலிருந்து பயம். பிள்ளை அழுதாலும் பயம், அழாமல் கிடந்தால் அதைவிடப் பயம்.

ஆனால் குளிர்ச்சியான அறை, அட்ரியன் உறுப்பினராக இருந்த கழகத்தின் ஆளுகையில் இருந்தது. தென் ஜொகூர் முதிர்மது இரசனை மற்றும் முதலீட்டுக் கழகம் என்பது அதன் முழுப் பெயர். உறுப்பினர்கள் எவரும் ஒயினைக் குடித்ததில்லை. திறந்தால் மதிப்புப் போய்விடும். ஆகவே மாதாந்திர ரசனை வகுப்பில் கிளாசில் ரிபேனா பழச்சாற்றை ஊற்றிச் சுழற்றி, முகர்ந்து, கண்ணை மூடி, "ஓக் மரம் தெரியுது" என்பார்கள்.

கழகச் செயலாளர் ராஜசேகரன் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. ஓய்வுபெற்றபோது நாற்காலியை விட்டுவிட்டு வந்தாரே தவிர, விதிகளைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். போத்தல் படுத்த நிலையில் இருத்தல் வேண்டும். வெளிச்சம் படலாகாது. பிரான்சில் பதின்மூன்று பாகை என்றாலும், உள்ளூர் நிலைமையையும் மின்சாரக் கட்டணத்தையும் பரிவோடு கருத்தில் கொண்டு இருபத்தைந்து பாகை வரை அனுமதிக்கப்படும். ஈரப்பதம் எழுபது விழுக்காடு. போத்தலும் மனிதரும் ஒரே அறையில் உறங்கலாகாது.

ஐலீன் கான்வென்டில் படித்தவள். விதியை மீறிப் பழக்கமில்லை. கடைசி விதியைப் பலமுறை வாசித்துப் பார்த்தாள். இருவரில் யார் வெளியேற வேண்டும் என்று அதில் எங்குமே சொல்லப்படவில்லை. ஆகவே அட்ரியன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்பட்டதும் பிள்ளையை அறைக்குள் படுக்கவைத்து, போத்தலைச் சமையலறையில் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் கிடத்துவாள். சாயங்காலம் மாற்றிவிடுவாள். காய்ச்சல் இறங்கியது. உறக்க விதியும் மீறப்படவில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாமியார் ஏஞ்சலா கிறிஸ்துமஸ் கேக்குக்கு உலர்திராட்சை ஊறப்போடத் தம் ஊரான ரெங்கத்திலிருந்து வந்து இறங்கினார். ஐலீன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது பெரிய கண்ணாடி ஜாடியில் திராட்சை கருஞ்சிவப்பாக மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போத்தல் நின்றுகொண்டிருந்தது. விதிப்படி அது நிற்கக் கூடாது.

"அத்தை, இதை ஏன் தொறந்தீங்க?"

"தேதி பாத்தியா? ரெண்டாயிரத்து அஞ்சு. எக்ஸ்பைரி ஆகி எத்தனை வருஷமாச்சு! நல்லவேளை, நான் மோந்து பாத்தேன். கேக்குக்குத் தாங்கும். நீ இந்தப் பச்சப்பிள்ள வீட்ல காலாவதியான சாமான வச்சிக்கிட்டு..."

"அது அவரோட போத்தல் அத்தை. கார் வாங்க வச்சிருந்த காசு."

ஏஞ்சலா ஜாடியைப் பார்த்தார். மூடியை இறுக மூடினார். "அலமாக்," என்றார் மெதுவாக. "இந்த வருஷம் கேக் நல்லா வரணும்."

அன்று மதியம் மாமியாரும் மருமகளும் கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக ஒரே மனதோடு ஒரு வேலையைச் செய்தார்கள். போத்தலில் ரிபேனாவை நிரப்பி, தக்கையை அழுத்தி, மாதா கோயிலில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுவர்த்தியை உருக்கி வாயை அடைத்தார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் போத்தலின் வாசஸ்தல ஆய்வு. ராஜசேகரன் இரண்டு மணிக்கே வந்துவிட்டார். முன்கூட்டியே வருவது ஆய்வின் பகுதி. போத்தல் அதன் மேடைக்குத் திரும்பியிருந்தது. பிள்ளை இன்னும் வெளியேற்றப்படவில்லை. பிள்ளைக்குக் கட்டும் லம்பின் துணிகள் வேறு மழையில் காயாமல் அறை முழுக்கக் கயிற்றில் தொங்கின. அரைநாள் வேலை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த அட்ரியன் எட்டிப் பார்த்துவிட்டு மனைவியை முறைத்தான்.

ராஜசேகரன் வாசலிலேயே நின்றார். விளக்குப் போடவில்லை, வெளிச்சம் படலாகாது. கிட்டே போகவில்லை, உடல் சூடு ஆகாது. கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி மூக்கை இழுத்தார்.

"தொழுவ வாசனை," என்றார் பக்தியோடு. "பழைய பிரெஞ்சு ஒயினுக்கே உரியது. தக்கை வழியா வருது. இதுவரைக்கும் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன்."

"அங்கள், அது பாப்பா..." என்று ஐலீன் ஆரம்பித்தாள்.

"பேசாதீங்க மா. அதிர்வு."

பிறகு ஈரப்பதமானியை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எழுபது," என்றார். "ஏர்கோன் போட்ட அறையில எழுபது. கழக வரலாற்றுலயே ஐம்பதைத் தாண்டினவங்க கிடையாது. என்ன செஞ்சீங்க அட்ரியன்?"

அட்ரியன் கயிற்றில் தொங்கிய துணிகளைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். அவனும் முதலீட்டாளன்தானே. "பிளான் பண்ணித்தான் சார் செஞ்சோம்," என்றான்.

அங்கேயே ஆணை பிறந்தது: மேற்படி குழந்தை தன் துணிகள் சகிதம் மேற்படி அறையிலேயே நிரந்தரமாகத் தங்கவைக்கப்படல் வேண்டும். உறக்க விதி தளர்த்தப்படுகிறது. குழந்தை இனி மனிதர் அல்ல, கருவி. ஐலீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். குளிரில் நிம்மதியாகத் தூங்கிய பிள்ளை அன்று மாலைவரை எழுந்திருக்கவேயில்லை.

டிசம்பரில் கழகத்தின் ரசனை நாள். ஏஞ்சலாவின் கேக் பரிமாறப்பட்டது. ராஜசேகரன் மூன்றாவது துண்டை மென்றபடி சொன்னார்: "நல்லா இருக்கு மா. ஆனா சும்மா சப்புன்னு இருக்கு. பிராந்தி மாதிரி எதாவது ஊத்தியிருக்கலாம்."

தலைவர் வசந்தனின் மனைவி சாந்தினிக்கு ஐம்பத்தைந்து வயது. பேரப்பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். அவர் கேக்கை ஒரு வாய் மென்றுவிட்டு ஐலீன் பக்கம் சாய்ந்தார்.

"போத்தல் கேக்குல போச்சா?"

ஐலீன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "ஆண்டி..."

"பயப்படாத மா. எங்க வீட்ல மட்டன் பிரட்டல்ல போச்சு. இப்ப என்ன ஊத்தி வச்சிருக்க?"

"ரிபேனா."

"பரவால்ல, நிறமாவது சேரும். நான் ரோஸ் சிராப். யாரு தொறக்கப்போறா."

அப்போது வசந்தன் எழுந்து நின்று ஒரு மகிழ்ச்சியான செய்தியை அறிவித்தார். எழுபது விழுக்காட்டில் முதிர்ந்த அட்ரியனின் போத்தலை அவர் வாங்குகிறார். தம்முடைய போத்தலை அட்ரியனுக்கு விற்கிறார். இருவருக்கும் லாபம். கைதட்டல் எழுந்தது. ரிபேனா போய் சிராப் வரப்போகிறது என்று தெரிந்த இரண்டு பெண்கள்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள்.

ராஜசேகரன் கையமர்த்தினார். "ஒரு விதி இருக்கு. முதல் தர போத்தலை வாங்குறவர், அதே ஈரப்பதத்தை அதே முறையில பராமரிக்கணும்."

"எங்க வீட்ல கைக்குழந்தை இல்லையே," என்றார் வசந்தன்.

செயலாளர் யோசித்தார். கழகம் கல்நெஞ்சம் படைத்ததல்ல. "ஓராண்டு அவகாசம் தரப்படும்," என்றார்.

சாந்தினி கைதட்டுவதை நிறுத்தினார்.