தோற்கக் கூடாத தக்காளி

அச்சகத்தில் பிழை திருத்துவது அவருக்குத் தொழில். வீட்டுக்கு வந்தால் அதுவே பொழுதுபோக்கு. அன்று சிக்கியது மொட்டைமாடித் தோட்டம். காய்கறித் தோலையும் முட்டையோட்டையும் டிரம்மில் போட்டு மக்கவைத்ததை மனைவி தக்காளிச் செடிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன குப்பை இது?"

"மக்கினதுங்க."

"மக்குங்கதான் இதைப் போடுவாங்க. உரத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரியணும்!"

"நெஞ்சுல உரம் இருந்தா தேர்ந்தெடுத்துப் போட்டுத்தான் காட்டுங்களேன்."

பாதித் தொட்டிகள் அவருக்கு, பாதி அவளுக்கு. "யார் செடி அதிகமாக் காய்க்குதோ, தோட்டம் இனிமே அவங்க கையில!" என்று மார்தட்டினார். "சரிங்க" என்றாள். மறுபேச்சே இல்லை. மனுஷன் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, எலும்புத்தூள், கோழி எரு என்று கடையில் எதையும் விடவில்லை.

"ஏதாவது ஒண்ணு போதும் சார். கோழி எரு சூடு, ஆறப்போட்டுத்தான் போடணும்" என்றார் கடைக்காரர்.

"என் செடிக்கு நான் வஞ்சனை பண்ண மாட்டேன்!"

எல்லாவற்றையும் கலந்து வாரிப் போட்டார். ஒரே வாரத்தில் இலையெல்லாம் ஓரம் கருகித் தொங்கிவிட்டது.

"என்னங்க, தலை தொங்குதே?"

"பணிவான செடி. கும்பிடு போடுது."

மானம் கப்பலேறுமுன் வழி தேட வேண்டுமே! காலையில் அவள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பியதும் மாடிக்கு ஓடினார். கருகிய மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, அவள் டிரம்மிலிருந்தே உரத்தைத் திருடிப் போட்டார். மறுநாளும் திருட்டு. அதற்கடுத்த நாளும். செடிகள் நிமிர்ந்தன, பூத்தன, காய்த்துக் குலுங்கின. எண்ணிப் பார்த்தால் அவர் பக்கம்தான் அதிகம்!

"ஜெயிச்சுட்டீங்க!" என்று கைதட்டினாள் மனைவி. "பிடிங்க." தண்ணீர்க் குழாய், புழு பொறுக்கும் டப்பா, டிரம் கிளறும் கம்பு எல்லாம் அவர் கைக்கு வந்தன. அவள் நாற்காலியை நிழலில் போட்டு, கால் மேல் கால் போட்டுத் தேநீர் குடித்தாள்.

டிரம்மைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதையுமா நான் கிளறணும்?"

"தோட்டம்னா டிரம்மும் சேர்த்துத்தாங்க."

கம்பைச் சுழற்றும்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஆமா, அள்ள அள்ள இது எப்படிக் குறையாம இருந்துச்சு?"

"பக்கத்து வீட்டு அக்காகிட்டயும் வாங்கிக் கொட்டினேன். எங்கே நீங்க தோத்துடுவீங்களோன்னு எனக்கு ஒரே பயம்."