சுவிட்ச் புதுப்பிப்புப் பெருவிழா

மனித குலம் எத்தனையோ பெட்டிகளைக் கண்டிருக்கிறது. ஆனால் நல்ல நேரம் பார்த்து, குத்துவிளக்கேற்றி மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட ஒரே பெட்டி, திண்டுக்கல்லில் நான் எழுத்தராக இருக்கும் பயிர்க் காப்பீட்டுப் பதிவு அலுவலகத்தில்தான் இருந்தது. 'இருந்தது' என்று எழுத நேர்ந்ததற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

அதன் பெயர் நெட்வொர்க் சுவிட்ச். அலுவலகக் கணினிகளை இணையத்தோடு சேர்ப்பது அதுதான். ஆயுத பூஜைதோறும் அப்பிய சந்தனத்தில் அதன் சொந்த நிறமே எங்களுக்கு மறந்துவிட்டது. அதற்குள் ஓடும் 'ஃபர்ம்வேர்' என்ற மென்பொருள் பழசாகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும் என்று மேலிடம் உத்தரவிட்டது.

கணினி பழுது பார்க்கும் பிரான்சிஸ் வந்து பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வாரேன் சார். ஆள் இல்லாதப்ப செத்த நேரத்துல முடிச்சிரலாம். ஏத்தும்போது மட்டும் கரண்டு போகக் கூடாது. போச்சுன்னா பெட்டி செத்துரும்."

எங்கள் அதிகாரி ஈஸ்வரன் தொலைநோக்கு உடையவர். "ஆள் இல்லாதப்ப செஞ்சா, செஞ்சோம்னு யாருக்குய்யா தெரியும்? வெள்ளிக்கிழமை வைங்க. வெங்காயக் காப்பீட்டுக்கு அன்னைக்குத்தான் கடைசி நாள். கூட்டம் தானா வரும்" என்றார்.

கூட்டம் வந்தது. ராகு காலம் கழியும்வரை பதிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. முதல் ஆளாக நின்றவர் கன்னிவாடி ராமுத்தாய். ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம் போட்டிருந்தார்.

"சார், எனக்கு மட்டும் பதிஞ்சு விட்டுருங்க. வானம் வேற இருட்டிக்கிட்டு வருது."

"அவசரப்படாதீங்கம்மா. புது மென்பொருள்ல முதல் பதிவே உங்களுதுதான். வந்து விளக்கேத்துங்க" என்றார் அதிகாரி.

ராமுத்தாய் செருப்பைக் கழற்றிவிட்டு விளக்கேற்றினார். பிரான்சிஸ் பொத்தானை அமுக்க, பெட்டியில் விளக்குகள் மினுங்கின. எல்லோரும் கைதட்டினோம். அதிகாரி பேச எழுந்தார். மைக் பேசவில்லை. அந்த அறையில் இருந்ததோ ஒரே ஒரு பிளக் பாயிண்ட். கடைசி வரிசைக்கும் தம் குரல் கேட்க வேண்டும் என்ற மக்கள் நலச் சிந்தனையில், அதில் இருந்ததைத் தாமே பிடுங்கிவிட்டு மைக்கைச் சொருகினார்.

"சார், அது பெட்டியோட வயரு" என்றார் பிரான்சிஸ்.

"பேசி முடிச்சதும் மாட்டிக்கலாம்யா."

பிறகு 'தடையற்ற சேவை' என்ற தலைப்பில் விரிவாகப் பேசினார்.

மறுபடி மாட்டியபோது பெட்டி கண் திறக்கவில்லை. "வயசான பெட்டி. இயற்கை மரணம்தான்" என்று அதிகாரி அறிவித்தார். நாங்கள் கதவைப் பூட்டும்வரை ராமுத்தாய் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. விழா வடை நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் மழை கொட்டி வெங்காயம் முழுக்க அழுகிவிட்டது. இழப்பீடு கேட்டு ராமுத்தாய் மனுவோடு வந்தார். அதிகாரி அவரை உட்காரவைத்து, மிகுந்த பரிவோடு விசாரித்தார்.

"கடைசி நாளுக்குள்ள பதியணும்னு தெரியும்லம்மா? அன்னைக்கு எங்க போனீங்க?"

"எங்கயும் போகல சார். இங்கதான் உங்க பெட்டிக்கு விளக்கேத்திக்கிட்டு இருந்தேன்."

ஈஸ்வரன் எதையும் மறைக்கிறவர் அல்லர். உள்ளதை உள்ளபடியே மனுவின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்: 'கடைசி நாளன்று மனுதாரர் வேறு வேலையில் இருந்திருக்கிறார். நிராகரிக்கப்படுகிறது.'