அக்கரைக்குப் போன அக்கி

எங்கள் ஊராட்சியில் சின்னம்மை அடியோடு ஒழிந்துவிட்டதை அரசு எங்களுக்கு முறைப்படி தெரிவித்தது. முகாம் நடத்தி எல்லாப் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டாகிவிட்டது. மந்திரி வந்து கேடயம் கொடுத்தார். முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

ஒன்பதாம் நாள் என் மகள் குந்தவைக்கு இடுப்பில் ஒரு பக்கமாக அக்கி கிளம்பியது.

மயிலாடுதுறை டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அக்கியும் சின்னம்மைக் கிருமியாலதான். ஊசி போட்ட பிள்ளைக்கும் அபூர்வமா வரும். போட்டதாலதான் லேசா இருக்கு, பயப்படாதீங்க" என்று மருந்து கொடுத்தார். பத்து நாளில் பொருக்குத் தட்டி உதிர்ந்தது. பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியை ராஜம்மாள் மறித்தார்.

"குணமான சான்று எங்கம்மா? திங்கக்கிழமை முழுப்பரீட்சை. சான்று இல்லாம உள்ள விட முடியாது."

"டாக்டரம்மா சீட்டு இருக்கே டீச்சர்."

"அது தனியார் சீட்டு. அரசாங்கப்படி குணமாகணும்."

சுகாதார ஆய்வாளர் தியாகராசனிடம் ஓடினேன். பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்க பொண்ணுக்கு ஊசி போட்டிருக்கு. அப்ப அம்மை வராது. அம்மை வராத பிள்ளைக்கு அக்கி வராது. வராத நோய் எப்படிம்மா குணமாகும்?"

"தழும்பு இருக்கே சார்."

"தழும்புக்குப் பதிவேட்டுல கட்டம் இல்லை. அதோட, இந்த ஊர்ல அக்கின்னு எழுதினா கேடயத்தைத் திருப்பிக் கேப்பாங்க."

"அப்ப வரவே இல்லைன்னு எழுதிக் கொடுங்க. பிள்ளை பரீட்சைக்குப் போகட்டும்."

"வராததுக்கெல்லாம் சான்று கொடுத்தா, யானைக்கால் வரலைன்னு ஊரே வந்து நிக்கும்."

நல்ல மனிதர். பதிவேட்டை மூடி வைத்து, "உங்க பிறந்த வீடு எங்க?" என்றார்.

"வாய்க்காலுக்கு அக்கரையிலங்க."

அவர் முகம் மலர்ந்தது. அன்றைக்கே என் மகளின் அக்கி, அக்கரை ஊராட்சியில் என் அப்பா வீட்டுக் கதவு எண்ணில் தோன்றி, அங்கேயே பூரண குணமடைந்தது. குந்தவை பரீட்சை எழுதிவிட்டாள்.

சேதி பரவியது. எங்கள் ஊர்க் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் வாய்க்கால் தாண்டிப் பதிவாகத் தொடங்கின. எங்களுக்கு இரண்டாவது கேடயம் வந்தது. நோய் பெருகிய அக்கரைக்கு முப்பது கட்டில் ஆஸ்பத்திரி வந்தது, இருபத்துநாலு மணி நேரமும் டாக்டரோடு.

பொறுப்போமா? கிராமசபையில் தலைவர் குஞ்சிதபாதம் எழுந்தார்.

"தாய்மார்களே! நம்ம மண்ணுல விளைஞ்ச அக்கியை அக்கரைக்காரன் ஆக்கிரமிச்சுட்டான்! பட்டா நம்ம பேர்ல, சாகுபடி அவனுக்கா?"

அக்கியையும், அதன்பேரில் வந்த ஆஸ்பத்திரியையும் மீட்டுத் தரக் கோரி மனு தயாரானது. எனக்கும் ரத்தம் சூடாகிவிட்டது. முதல் கையெழுத்து நான்தான் போட்டேன்.

அதிசயம், அரசு உடனே செவிசாய்த்தது. ஆணை வந்தது: "மேற்படி அக்கி தாய் ஊராட்சிக்கே திருப்பி அளிக்கப்படுகிறது. ஆஸ்பத்திரி குறித்துத் தனியே பரிசீலிக்கப்படும்."

இதற்குள் ஒரு வருஷம் ஓடியிருந்தது; மறுநாள் குந்தவைக்கு மறுபடி முழுப்பரீட்சை. பள்ளிக்கூட வாசலில் ராஜம்மாள் டீச்சர் ஆணையின் நகலோடு நின்றார்.

"பொண்ணுக்கு அக்கி திரும்ப வந்திருக்காமே! குணமான சான்று எங்க?"

"அவ நல்லாத்தானே இருக்கா டீச்சர்! யார் சொன்னது அக்கின்னு?"

"நீதாம்மா. எழுதிக் கேட்டு வாங்கியிருக்கே."