ஐந்து நிமிடம் முந்தி வந்த குரல்

எனக்குப் பெண் கொடுக்காமலிருக்க என் மாமனாருக்கு நூறு காரணங்கள் இருந்தன. நூற்றியொன்றாவதை நானே தயாரித்து, சார்ஜ் போட்டு, அவர் சட்டைப்பையில் வைத்தேன்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஃபேக்டரியில் தரம் பார்ப்பது என் வேலை. ஷிஃப்ட்டின் முதல் கம்பியை அளப்பேன். சரியாக இருந்தால் ‘ஓகே’ முத்திரை குத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். (மிச்சக் கம்பிகளுக்கும் மனசாட்சி இருக்கும் என்ற நம்பிக்கைதான்.) ஓய்வு நேரத்தில் சக தொழிலாளிகளின் கையடக்க எம்பி ஃபோர் பிளேயர்களுக்குப் படங்களை மாற்றித் தருவேன். அதனால் ஊருக்குள் நான் ‘கம்ப்யூட்டர்’ ரவி. கம்ப்யூட்டருக்கு மட்டும் இதில் உடன்பாடில்லை.

ஃபேக்டரி நண்பனின் கல்யாணத்துக்கு மீஞ்சூர் போன இடத்தில் மணப்பெண்ணின் தங்கை ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஒரு வருடம் கழித்துப் பெண் கேட்டேன். அவள் அப்பா தேவசகாயம், "பையன் எப்படின்னு பழகிப் பாக்கறேன், அப்புறம் சொல்றேன்" என்றார். பழகிப் பார்ப்பதன் முதல் கட்டமாக மூத்த மகளின் கல்யாண டிவிடியைக் கையில் கொடுத்தார். மேடையில் தான் பேசிய நன்றியுரையை ரயில் சிநேகிதர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

அவருடைய பிளேயருக்கு மாற்றினேன். ஆரம்பத்தில் உதடும் குரலும் கொஞ்சம் விலகியிருந்தன. குரலை அரை நொடி தள்ளினேன். முதல் பத்து நொடி கச்சிதம். ஓகே! மூலத்தில் நொடிக்கு இருபத்தைந்து படங்கள், நான் மாற்றியதில் இருபத்துநான்கு. போகப் போகப் படம் பின்தங்கும், குரல் முன்னால் ஓடும் என்பதெல்லாம் பிறகு அறிந்த ஞானம். இரண்டு மணி நேர முடிவில் குரல் ஐந்து நிமிடம் முந்தியிருந்தது.

சாயங்கால ரயில் கவரைப்பேட்டை தாண்டியது. மாமாவைச் சுற்றி ஐந்து தலைகள், பக்கத்தில் நான்.

"தம்பி, நான் பேசற எடத்துக்கு ஓட்டு."

ஓட்டினேன். திரையில் மாமா கோட் சூட்டில் மைக் பிடித்து, கண் கலங்கி, நெஞ்சில் கை வைத்து வாயைத் திறந்தார்.

"இன்னாபா இது, வெறும் எலும்பாவே வெக்கிற? பொண்ணோட அப்பன் பீஸையெல்லாம் பீரோல வெச்சிப் பூட்டிக்கினானா?" என்றது பிளேயர்.

பெட்டியே குலுங்கியது. "யோவ் தேவா, இன்னாய்யா உன்னையே நீ திட்டிக்கினு கீற!" என்று முனுசாமி என்ற சிநேகிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா சிரிக்கவில்லை. "இந்தக் குரல எங்கியோ கேட்டுகீறேனே. உன்னுது மாதிரி கீதே தம்பி?"

என்னுடையதேதான். பந்தியில், ஸ்டெல்லாவைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நான் அடித்த ஜோக்.

"ஐயோ, நான் இல்ல மாமா! எவனோ சாப்பாட்டு ராமன்."

நம்பிவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பந்தியின் குரல் மேடைக்கே வந்துவிட்டதென்றால், குரலுக்குச் சொந்தமான மூஞ்சி பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது!

"மாமா, பேட்டரி போய்டும். நிறுத்திடலாமா?"

"ஃபுல்லா கீது. ஓடட்டும்."

"கண்ணு கெட்டுடும் மாமா..."

"கம்முனு குந்து."

பொன்னேரியில் குதித்து ஓடிவிட முடிவு செய்தேன். ரயிலோ பொன்னேரிக்கு வெளியே சிக்னலில் நின்றது. திரையில் பந்தி விரிந்தது. பிரியாணி வாளி நகர்ந்தது. வாளிக்குப் பின்னால் நான்! எலும்பைத் தூக்கிக் காட்டுகிறேன், வாயசைக்கிறேன், பீரோ பூட்டுகிற அபிநயம் வேறு பிடிக்கிறேன்.

ஆறு தலைகளும் என் பக்கம் திரும்பின.

மீஞ்சூர் வந்தது. இறங்கியதும் மாமா பிளேயரை என் கையில் திணித்தார். "என் பேச்சு என் வாய்ல வரணும். சரி பண்ணிக்கினு ஊட்டுக்கு வா. அப்பால பேசலாம்."

குரலைத் தள்ளுகிற வேலையை விட்டுவிட்டு, மூலத்தின் வேகத்தையே படத்துக்கும் வைத்தேன். ஆயுளில் முதல்முறையாகக் கடைசி நொடிவரை சோதித்தேன். எல்லா உதட்டிலும் அவரவர் குரல், என் உதட்டிலும். அதை மட்டும் வெட்டிவிடலாமா என்று கை அரித்தது. பயத்தில் விட்டுவிட்டேன்.

மாமா பந்தி முடியும்வரை பார்த்தார். "இத்த வெட்டிட்டு வருவேன்னு நெனச்சேன்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "ஸ்டெல்லா, தம்பிக்குக் காபி எடுத்தா" என்றார்.

இன்றும் வீட்டில் நான் எதையாவது மறுத்தால், ஃப்ரிட்ஜிலிருந்த கடைசி லட்டைத் தின்றதாகவே இருக்கட்டும், ஸ்டெல்லா சண்டை போடுவதில்லை. "அஞ்சு நிமிசம் இருடி, படம் வரும்" என்கிறாள் மகளிடம். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது நிமிடத்திலேயே நான் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.