நேராக்கிவிடும் ஸ்தனிஸ்லாஸ்

வாசகரே, நம்மிடையே ஓர் இனம் நடமாடுகிறது. அதற்கு நான் வைத்த பெயர் நேராக்கி. பொல்லாத மனிதர் அல்லர். பொல்லாதவர் என்றால் தப்பி ஓடலாமே. யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணீர் வருவதற்குள் சுவரிலுள்ள படத்தை நேராக்குவார், கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் மாலையை இழுத்துச் சமப்படுத்துவார், செத்த வீட்டில் பெட்டிமேல் கிடக்கும் மலர்வளையத்தைக்கூடச் சும்மா விடமாட்டார். "ஒண்டுமில்லை, கொஞ்சம் நேராக்கி விட்டனான்" என்பார். யார் கேட்டது?

திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் அடிமட்டம் வைத்து வரைபடம் கீறும் ஸ்தனிஸ்லாஸ் இந்த இனத்தின் திலகம். போன உயிர்த்த ஞாயிற்றுக்குக் கோயிலில் வைக்கவென்று மகள் யூஜினி அலங்கரிக்க வேண்டிய முட்டையை அவரே கப்பலாக்கினார். பட்டக் கடதாசியில் புகைபோக்கி என்ன, நங்கூரம் என்ன! பிள்ளைக்குக் கொடுத்த வேலை பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

இந்த வருஷம் மறைக்கல்வி சிஸ்டர் உஷாராகிவிட்டார். வகுப்பிலேயே வைத்துச் செய்வித்தார். அவர் சொன்னது முயல். யூஜினி செய்தது எங்கள் ஊர்க் கோட்டைக்குள் மேயும் மான். அவள் கண்டது அதைத்தானே. உள்ளிருந்ததை ஊதி எடுத்த முட்டைக் கோதில் மாப் பசை தடவி, காகிதக் கால்களும் காதுகளும் ஒட்டி, சனிக்கிழமை மத்தியானம் வீட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள். விடிந்தால் அது கோயிலில் பீடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும்.

ஸ்தனிஸ்லாஸ் பார்த்தார். ஒரு காது நிமிர்ந்து நின்றது. மற்றது தொங்கியது. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"பிள்ளை, இந்தக் காது சரிஞ்சு கிடக்கு."

"அது நித்திரை கொள்ளுற காது, அப்பா. மற்றக் காது முழிச்சிருந்து கேக்குது. நீங்கள் தொடக்கூடாதாம், சிஸ்டர் சொன்னவ."

"ஓம், ஓம்" என்றார். அவள் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். அவர் கதிரையை விட்டு எழும்பினார், சுற்றிப் பார்த்தார், மானைக் கையிலெடுத்தார். ஒரேயொரு சின்னத் தள்ளல்தான். பசை காய்ந்திருந்தது. காது அசையவில்லை, கோதுதான் நொறுங்கியது.

யூஜினி ஈர முகத்தோடு வாசலில் நின்றாள். அழவில்லை.

"இப்ப நேரா இருக்கா, அப்பா?"

அவருக்கு வெட்கத்தில் காது மடல் எரிந்தது. மனம் நொந்துதான் போனார், பாவம். ஆனாலும் இனக்குணம் விடுமா? "ஒரு நிமிஷம், அப்பா இதைவிட வடிவா ஒண்டு செய்து தாறன்" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

"வேண்டாம்" என்றாள். தாயிடம் இன்னொரு முட்டை வாங்கினாள். அப்பாவைக் கதிரையில் இருத்தி, பசைக் கிண்ணத்தை அவர் கையிலே கொடுத்தாள். "பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

மறுநாள் பீடத்துக்கு முன்னால் மான் நின்றது. இம்முறை இரண்டு காதுமே தொங்கின. பூசை முழுக்க ஸ்தனிஸ்லாஸ் தம் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் அதைப் பக்தி என்று நினைத்தார்.

பகிடிதான், சிரியுங்கள். ஆனால் வாசகரே, இதைப் படித்தபடியே எதிர்ச் சுவரில் சரிந்து தொங்கும் கலண்டரை எத்தனை தரம் பார்த்துவிட்டீர்கள்? எழும்பாதீர்கள். அதை மாட்டினது உங்கள் பிள்ளை.