காலமானார் பிரிக்காத தந்தி

உயிரோடு இருக்கும்போதே நாள்தோறும் காலமான மனிதர் கோயமுத்தூரில் அவர் ஒருவர்தான். "காலமானார் வாராருங்க" என்று குரல் கேட்டால் எங்கள் தெருவே ஒதுங்கி வழிவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் தெருவுக்கு இங்கிலீஷ் தந்தி படித்துச் சொன்னவர் அவர். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். சாவுத் தந்தி என்றால் விஷயத்தைச் சட்டென்று சொல்லமாட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, 'காலமானார்' என்ற சொல்லின் பிறப்பிலிருந்து ஆரம்பிப்பார். கேட்பவர் மனம் அதற்குள் பதப்பட்டுவிடுமாம்.

ஒருமுறை ஒரு கவுண்டர், அவிநாசியிலிருந்து வந்த தந்தியை நீட்டினார்.

"காலம்னா நேரமுங்க. ஆளு போயி நேரத்தோட நேரமா ஆயிட்டாருன்னு சிலர் சொல்றாங்க. இல்லீங்க, அவருக்கு அளந்து உட்ட காலம் தீந்துபோச்சுன்னு சிலர் சொல்றாங்க. எனக்கென்னமோ..."

"ஏனுங்க, அர்த்தம் கெடக்கட்டுமுங்க. ஆரு செத்ததுன்னு மொதல்ல சொல்லிப்போடுங்க!"

"செத்ததுன்னு சொல்லாதீங்க. அது ஆட்டுக்கு."

அந்த வீட்டில் அழுகை தொடங்க அரைமணி நேரம் ஆயிற்று.

கோட்டைமேட்டு ஜவுளிக்கடை பாய் வீட்டுத் துக்கத்துக்குப் போனவர், சாவுக்கு அவர்கள் சொல்லும் 'வஃபாத்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். "அடக்கம் பண்ணிப்போட்டு வந்து சொல்றேனுங்க" என்றார் பாய். இவர் அசையாமல் காத்திருந்து கேட்டுக்கொண்டு வந்தார். "குடுத்ததை முழுசாத் திருப்பி வாங்கிக்கறதாமுங்க! என்ன அழகு பாருங்க!" என்று தெருவெல்லாம் சொன்னார்.

என் மகள் மரகதத்தை வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்திருந்தேன். அவளுக்கு மலைக்காய்ச்சல், நினைவில்லை என்று கடிதம் வந்த நாலாம் நாள் தந்தி வந்தது. எனக்கும் இங்கிலீஷ் தெரியும். பிரிக்கத்தான் கை வரவில்லை. காலமானாரிடம் ஓடினேன்.

வாங்கியவர், பிரிக்காமலே கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்க" என்றேன்.

"என்னால ஆகாதுங்க. மழலையில என்னைய 'காலமானார் மாமா'ன்னு கூப்பிட்ட புள்ளைங்க அது." தந்தியை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

பின்னாலேயே ஓடிவந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் படிச்சு என்னத்தைக் கிழிச்சீங்க? இதையாவது கிழிங்க!"

கிழித்தேன். காய்ச்சல் விட்டது, கஞ்சி குடிக்கிறாள், வரவும் என்றிருந்தது.

மறுநாள் காலை நாங்கள் போவதற்கு முன்பே வால்பாறை பஸ்ஸில் காலமானார் ஏறி உட்கார்ந்திருந்தார், மடி நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தார். மரகதத்தைக் கண்ணால் பார்க்கும்வரை என் கையை மட்டும் விடவே இல்லை.