வடுமாங்காய் ஜாடியில் டைட்டானியம்

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குப் பெருமையடித்துக்கொள்ள உலகத்தில் ஒரே இடம்தான் உண்டு, சொந்த வீடு. இறங்க வேண்டிய ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல நாக்கு எழாமல், அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவன் நான். ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் எங்கிருந்தோ ஒரு பேச்சாளன் எனக்குள் வந்துவிடுவான். அவன்தான் ஒரு தடவை என் வேலைக்கு உலை வைத்தான்.

தி.நகரில், ஜவுளிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். நாங்கள் விற்பது டைட்டானியம் கிளாட் பிளேட். (கல்யாண வீடுகளில் யாராவது விசாரித்தால் "இரும்பு யாவாரம்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவேன்.) ரசாயனத் தொழிற்சாலைகளில் பிரஷர் வெசல் என்று ஒன்று இருக்கும். நம் வீட்டுக் குக்கருக்குப் பெரியப்பா முறை. உள்ளே ஆசிட், உப்புத் தண்ணீர் என்று எதையாவது போட்டு அழுத்தத்தில் கொதிக்க விடுவார்கள். வெறும் இரும்பில் செய்தால் அரித்துத் தின்றுவிடும். முழுக்க டைட்டானியத்தில் செய்தால் கட்டுப்படியாகாது. அதனால் கனமான இரும்புத் தகட்டின் மேல் மெல்லிய டைட்டானியத் தகட்டை ஒட்டி, டைட்டானியம் உள்பக்கம் வருகிற மாதிரி வளைத்துச் செய்கிறார்கள். ஒட்டுவது பசை வைத்து அல்ல, வெடி வைத்து.

இதை நான் வீட்டில் சொன்னபோது என் மனைவி விஜயா நம்பவில்லை. "வெடி வெச்சா பிச்சிக்கினுதான்யா போவும். ஒட்டுமா? யார்கிட்ட கதை வுடுற?" என்றாள்.

ஆபீசில் என் வேலை சாம்பிள் தூக்குவது, கூரியர் பார்ப்பது, வருகிறவர்களுக்கு டீ வாங்கி வருவது. டீயோடு நான் உள்ளே நுழையும்போது முதலாளி சரியாக அந்த இடத்துக்கு வந்திருப்பார். சாம்பிளைத் தடவிக்கொண்டே, "கடல் தண்ணி, ஆசிட், எதுல போட்டாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்பார். அந்த வசனம் எனக்கு அவருடைய மூச்சு விடும் இடத்தோடு மனப்பாடம். அதற்கடுத்து அவர் "இந்தப் பக்கம் மட்டும்" என்று ஒன்று சொல்வாராம். அதற்குள் நான் காலி டம்ளர்களோடு வெளியே போயிருப்பேன்.

அந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது. உப்பிலிருந்து ரசாயனம் எடுக்கும் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி மட்டும் பாக்கி. அவரும் வேண்டுமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே இருந்தார். முதலாளி வெளியூர் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "குமரேசா, அண்ணாச்சியும் வேணாம்னுட்டா ஆபீசை மூடறதுதான். நீயும் வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான். நான் வந்த அன்னிக்கே அடையாறுல அவர் வீட்ல மீட்டிங். இருக்கறது இந்த ஒரு சாம்பிள். ஆபீஸ்ல பெயின்ட் அடிக்கறாங்க, இங்க வைக்காத. உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டு அன்னிக்கு அதோட நேரா அங்க வந்துடு."

பாதிச் செங்கல் அளவு இருக்கும் அது. ஒரு பக்கம் வெள்ளிபோல் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். தோசைக்குக்கூட ஒரு பக்கம்தான் முறுகல் இருக்கும், அதற்காக மறுபக்கம் தோசை இல்லை என்றா ஆகிவிடும்? அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மங்கல் பக்கம் வெறும் இரும்பு என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

நாங்கள் குடியிருக்கும் மயிலாப்பூரில் அப்போது வடுமாங்காய் வந்திருந்த நேரம். விஜயா ஜாடி நிறைய மாங்காயைப் போட்டு, உப்பு, மிளகாய்த்தூள், கடுகுத்தூள் எல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். உப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டு மாங்காயெல்லாம் மேலே மிதந்தது. அமுக்கி வைக்கிற கல் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது.

"ஒரு கல்லு எங்கனா பாத்து எட்டுனு வாயேன்" என்றாள்.

எனக்குள் இருந்த பேச்சாளன் எழுந்துவிட்டான். ஆபீசில் கொடுத்த வெல்வெட் பையைத் திறந்து சாம்பிளை எடுத்தேன். "கடல் தண்ணி, ஆசிட், எதுல போட்டாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன், முதலாளி மூச்சு விடும் இடத்தில் நானும் விட்டு.

"ஆபீஸ் சாமான்யா."

"உன் மாங்காய்க்குப் பயந்துடுமா இது? கழுவிட்டா புதுசு."

விஜயா யோசித்தாள். நான் யோசிக்காமல் உள்ளே இறக்கிவிட்டேன்.

முதலாளி திரும்பிய அன்று காலையில், இஸ்திரி போட்ட சட்டையோடு போய் ஜாடியைத் திறந்தேன். உள்ளே பேனா மை மாதிரி கருந்தண்ணீர். மாங்காய்களெல்லாம் நாவல்பழம்போல் ஆகியிருந்தன. கையை விட்டு வெளியே எடுத்தால், ஒரு பக்கம் ஆபீசுக்கு வந்த நாள்போல் மின்னுகிறது. மறுபக்கம் துருப்பிடித்து, பள்ளம் பள்ளமாக, அம்மை வந்த முகம்.

விஜயா எட்டிப் பார்த்தாள். "இன்னாயா, ஒண்ணும் ஆவாதுன்ன?"

நான் புளி டப்பாவைத் தேடினேன்.

"இத்த எவனாவது வாங்குவானா? நீயே வாங்க மாட்ட."

புளி போட்டுத் தேய்த்தேன், பாத்திரப் பொடி போட்டுத் தேய்த்தேன். துரு கொஞ்சம் போனது, பள்ளம் போகவில்லை, வாசனை துளிக்கூடப் போகவில்லை. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "யாருப்பா அது ஊறுகா கொண்டுனு வர்றது, எண்ணெய் வழிஞ்சிறப் போவுது" என்றாள். நான் வெல்வெட் பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னோடு சேர்ந்து மூழ்கப் போகும் முதலாளியை நினைத்தபடி, பாலத்துக்குக் கீழே ஓடும் அடையாற்றைப் பார்த்தேன்.

அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் அவரும் அவருடைய தொழிற்சாலை இன்ஜினியர் மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி என் கையிலிருந்து பையை வாங்கினார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாக்கு வழக்கம்போல எழவில்லை. அவர் பேசிக்கொண்டே சாம்பிளை வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு பேச்சை நிறுத்தினார்.

அண்ணாச்சி குனிந்து முகர்ந்தார். "என்னவே இது, வடுமாங்கா வாசம் அடிக்கி?"

முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் எனக்குப் பேச்சு வந்தது. மாங்காய் மிதந்தது, கல் தொலைந்தது, நான் பெருமையடித்தது, தண்ணீர் கறுத்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். வெளியாள் முன்னால் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை.



அண்ணாச்சி சாம்பிளைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே ஜாடியிலதான கெடந்திச்சு?"

"ஆமா சார்."

"இந்தப் பக்கம் மினுமினுங்குது. இந்தப் பக்கம் நாறிப்போய்க் கெடக்கு. எம்மா, நீங்க பாருங்க."

மேடம் ஓரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ஒட்டு எங்கயும் விடல சார். இரும்பைத்தான் அரிச்சிருக்கு. நம்ம வெசல்ல இரும்பு வெளிப்பக்கம், உப்புத்தண்ணி அதுல படவே படாது. இதைத்தானே நான் ரிப்போர்ட் ரிப்போர்ட்டா காட்டிட்டிருக்கேன்."

"நீங்க காட்டுனிய, நான் இல்லங்கல. பேப்பர்ல எழுதுனா நம்பிருததா? எத்தன பேரு எழுதிக் குடுத்து என்னை ஏமாத்திருக்கான்." அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "மாங்கா என்னாச்சு?"

"எல்லாம் கறுத்துப் போச்சு சார்."

"ரெண்டு பக்கமும் இந்த டைட்டானியமா இருந்திருந்தா?"

எனக்குத் தெரியாது. மேடம்தான் சொன்னார்: "மாங்கா பிழைச்சிருக்கும் சார்."

அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். "பொறவு என்னத்துக்கு யோசன? இதையே உள்பக்கம் போட்டுச் செய்யுங்க" என்று முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் கையையும் பிடித்தார். பிடித்த கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

வெளியே வந்ததும் முதலாளி என்னைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். ஆபீஸ் மூடவில்லை, புதிய பெயின்டோடு ஜம்மென்று நடக்கிறது. துருப்பிடித்த சாம்பிள் அப்படியே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதை எடுத்துக் காட்டிப் பேசுவது நான். டீ வேறு ஆள் கொண்டுவருகிறார். "இந்தப் பக்கம் மட்டும்" என்பதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில்தான் மரியாதை கூடவில்லை. புது மிக்சி வாங்கினாலும், யார் வீட்டுக்காவது குடிவர ஆள் வந்தாலும், விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் "ஊறப்போட்டுப் பாத்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் வடபழனியிலிருந்து ஒரு தரகர் எங்கள் பெண்ணுக்கு வரன் கொண்டுவந்தார். பையன் தங்கம், வைரம் என்று அரைமணி நேரம் அடுக்கினார். விஜயா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மேல்பக்கம் நல்லாத்தான் கீது. அடிப்பக்கம் எப்படி?" என்றாள்.

தரகர் விழித்தார். சமையலறையிலிருந்து என் பெண் குரல் கொடுத்தாள்: "ஜாடி காலியாத்தாம்மா கீது. அந்தப் பையன வரச் சொல்லு."